கமிஷன் 2 சதவீதம் ஏறினால் கையில் நிற்பது எவ்வளவு குறையும்?

கேள்வி இதுதான்: "துணிப்பைகள் தைத்து ஒரு ஆன்லைன் சந்தைத் தளத்தில் விற்கிறேன். பெரிய பை, சின்னப் பர்ஸ் என்று இரண்டு வகை. அடுத்த மாதத்திலிருந்து கமிஷன் 15 சதவீதத்திலிருந்து 17 சதவீதம் ஆகிறது என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. வீட்டில் '2 சதவீதம்தானே, விலையில் 20 ஏற்றிவிடு' என்கிறார்கள். கூட விற்கிறவர்கள் தளத்தை விட்டே போய்விடலாம் என்கிறார்கள். நான் என்ன செய்வது?"

வீட்டில் சொல்வதும் முழுக்கச் சரியில்லை, விட்டுப் போகச் சொல்பவர்களும் அவசரப்படுகிறார்கள். முதலில் உங்கள் பை ஒன்றின் கணக்கை உட்கார்ந்து போட வேண்டும். அதைப் போடாமல் விலையை ஏற்றினாலும் சரி, கடையை மூடினாலும் சரி, இரண்டும் குத்துமதிப்பாக எடுத்த முடிவாகத்தான் இருக்கும்.

நான் பல வருடங்களாகக் கையால் தைத்த நோட்டுப் புத்தகங்களை இப்படிப்பட்ட தளங்களில் விற்கிறேன். தெரிந்த சில சிறு விற்பனையாளர்களுக்கு மாதக் கணக்கும் பார்த்துத் தருகிறேன். கட்டணம் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரே தவறு நடக்கிறது. எல்லோரும் அந்தச் சதவீதத்தை விற்பனை விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சின்னத் தொகைதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதை வைத்துப் பார்க்க வேண்டிய இடம், எல்லாச் செலவும் போக ஒரு ஆர்டரில் கையில் நிற்கிற தொகை.

ஒரு பெரிய பையின் விலை 1,000 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான். துணி, நூல், ஜிப், தையல் கூலி எல்லாம் சேர்ந்து 620. (உங்கள் உழைப்புக்கும் கூலி போட்டே ஆக வேண்டும். அதைப் போடாமல் வருகிற லாபம், உங்கள் கூலிக்கே லாபம் என்று பெயர் வைத்ததுதான்.) கூரியர் 100, பேக்கிங் 30, கமிஷன் 150. மிச்சம் 100. கமிஷன் 17 சதவீதமானால் 170 போய்விடும், மிச்சம் 80. விலையில் 2 சதவீதம் என்று சொன்னது உங்கள் லாபத்தில் 20 சதவீதமாக வந்து விழுந்துவிட்டது. முன்பு 100 பை விற்று எடுத்த பணத்தை எடுக்க இனி 125 பை விற்க வேண்டும். இருபத்தைந்து பை கூடுதலாகத் தைப்பது எத்தனை நாள் வேலை என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதில் ரிட்டர்ன் இன்னும் சேரவில்லை. நூற்றுக்குப் பத்து திரும்பி வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் ஒவ்வொன்றிலும் போன கூரியர் 100, பேக்கிங் 30, திரும்பி வரும் கூரியர் 100 என்று 230 உங்கள் தலையில். அதோடு பல தளங்கள், வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்கிய கமிஷனை முழுதாகத் திருப்புவதில்லை. அமெரிக்காவில் அமேசானின் விதி, கமிஷனில் 20 சதவீதம் அல்லது 5 டாலர், இதில் எது குறைவோ அதைப் பிடித்துக்கொள்வது. அதே 20 சதவீதத்தை நம் கணக்கில் போட்டால் பழைய கமிஷனில் ஒரு ரிட்டர்னுக்கு 260 நஷ்டம், புதியதில் 264.

இப்போது நூறு ஆர்டருக்கு மொத்தமாகப் பாருங்கள். பழைய கமிஷனில் 90 பை விற்றதில் 9,000, ரிட்டர்னில் போனது 2,600, கையில் 6,400. புதிய கமிஷனில் 90 பையில் 7,200, ரிட்டர்னில் போனது 2,640, கையில் 4,560. குறைந்தது 1,840. அதாவது ஏறத்தாழ 29 சதவீதம். திரும்பி வந்த பத்தில் இரண்டு பை அழுக்காகவோ கிழிந்தோ வந்து விற்க முடியாமல் போனால் இன்னும் 1,240 கழியும். அப்போது குறைவு 36 சதவீதத்தைத் தொடும். தளத்தின் மின்னஞ்சல் '2' என்று சொன்னதும் உங்கள் வீட்டுக்கு வந்தது 36 ஆனதும் ஒரே மாற்றம்தான். பெரிய நிறுவனத்துக்கு மார்ஜின் (விலையில் லாபமாக நிற்கும் பங்கு) 30, 40 சதவீதம் இருந்தால் இந்த 2 அதற்கு ஒரு பொருட்டில்லை. மார்ஜின் மெலிந்தவர்களைத்தான் இது அடிக்கிறது. சிறு விற்பனையாளர்கள் ஏன் இத்தனை சத்தம் போடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கையே காட்டலாம்.

சரி, விலையை எவ்வளவு ஏற்றுவது? 20 ஏற்றினால் அந்த 20க்கும் 17 சதவீதம் கமிஷன் போகும். ரிட்டர்னையும் சேர்த்துப் பழைய 6,400 கையில் நிற்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 25 ஏற்ற வேண்டும்.

இந்த இடத்தில் எல்லோரும் பயப்படுகிறார்கள். "விலையை ஏற்றினால் ஆர்டர் விழுந்துவிடும்" என்பார்கள். விழலாம். ஆனால் எவ்வளவு விழுந்தால் நஷ்டம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்களா? 1,025க்கு விற்றால் நூறு ஆர்டருக்கு 6,400க்குக் கொஞ்சம் மேலே கையில் நிற்கும். விலையை ஏற்றாமல் விட்டால் 4,560. ஆகவே ஏற்றிய பிறகு உங்கள் ஆர்டர் நூற்றிலிருந்து 72 ஆகக் குறைந்தாலும், ஏற்றாமல் நூறு விற்றதைவிடக் கையில் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும். அதுவும் 28 பை குறைவாகத் தைத்து. விலை இரண்டரை சதவீதம் ஏறியதற்காக நாலில் ஒரு பங்குக்கு மேல் ஆட்கள் ஓடிவிடும் பொருட்கள் உண்டு. ஒரே மாதிரி நூறு பேர் விற்கிற செல்போன் கவர் போன்றவை. கைவேலைப் பொருள் அப்படியில்லை. நான் கணக்குப் பார்த்த இடங்களில், விலையை ஏற்றி நஷ்டப்பட்டவர்களைவிட ஏற்றப் பயந்து நஷ்டப்பட்டவர்களே அதிகம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆர்டர் எண்ணிக்கை குறைந்தால் சில தளங்களில் தேடலில் உங்கள் பொருள் கீழே இறங்கும். அதனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே நாளில் ஏற்றாமல் ஒன்றிரண்டில் ஏற்றிப் பார்ப்பது நல்லது.

மின்னஞ்சலில் கமிஷன் வரியை மட்டும் படித்துவிட்டு விடாதீர்கள். தளங்கள் கட்டணத்தை மாற்றும்போது பெரும்பாலும் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். இறங்கியதை மின்னஞ்சலின் மேலே போடுவார்கள். இதற்கு நல்ல பாடம் 2008ல் ஈபே என்ற அமெரிக்க ஆன்லைன் சந்தைத் தளத்தில் நடந்தது. அந்த ஜனவரியில் அறிவித்தபோது, பொருளைப் பட்டியலிடும் கட்டணம் குறைகிறது என்பதுதான் தலைப்புச் செய்தி. அதோடு சேர்ந்து, விற்றபின் வாங்கும் கட்டணம் முதல் 25 டாலருக்கு 5.25 சதவீதத்திலிருந்து 8.75 சதவீதமாக ஏறியது. விலை குறைந்த பொருளை அடிக்கடி விற்கும் ஆளுக்கு இது எப்படி இருந்திருக்கும்? அவருடைய மொத்த விற்பனையும் அந்த முதல் 25 டாலருக்குள்தானே இருக்கிறது. பிப்ரவரியில் ஒரு வாரம் விற்பனையாளர்கள் பொருட்களை எடுத்துவிட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். கட்டணம் மட்டுமே காரணமில்லை. விற்பனையாளர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு கொடுக்க முடியாது என்ற மாற்றத்தையும் அப்போதுதான் அறிவித்திருந்தார்கள்.

எட்ஸியின் கதை இன்னும் நேரடியானது. கைவினைப் பொருட்களுக்கென்று 2005ல் தொடங்கிய தளம். நீண்ட காலம் 3.5 சதவீதம்தான் வாங்கியது. 2018 ஜூலையில் அது 5 சதவீதமாகியது. கூடவே அதுவரை தொடாத கூரியர் தொகைக்கும் அதே 5 சதவீதம் விதிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 11 அன்று 6.5 சதவீதம். ஒன்றரை சதவீதம்தான் ஏறியது என்று சொல்லலாம். தளத்துக்குப் போகும் கட்டணம் ஒரே நாளில் 30 சதவீதம் ஏறியது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. அன்றிலிருந்து ஒரு வாரம் ஆயிரக்கணக்கான கடைகள் எதிர்ப்புக் காட்ட விடுமுறைப் பலகை மாட்டின. கட்டணம் இறங்கவில்லை, இன்றும் அதே 6.5தான். ஆனால் அந்த ஒரு வாரத்திலிருந்து 'இண்டி செல்லர்ஸ் கில்ட்' என்ற விற்பனையாளர் அமைப்பு ஒன்று உருவானது. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. தனித்தனியாக மின்னஞ்சல் படிக்கிறவர்களுக்குப் பேரம் பேசும் பலம் எங்கிருந்தும் வராது.

சதவீதத்தைவிட ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்று வரும் நிலையான கட்டணம்தான் சின்னப் பொருளைக் கொல்லும். உங்கள் பர்ஸுக்காகத்தான் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எட்ஸியில் அமெரிக்க விற்பனையாளர் ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட் கொடுக்கிறார். நான்கு மாதத்தில் விற்காவிட்டால் புதுப்பிக்க மறுபடி 20 சென்ட். விற்றால் 6.5 சதவீதம். பணம் கைமாறுவதற்கு 3 சதவீதமும் 25 சென்ட்டும். 5 டாலர் பொருளுக்கு இதையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 92 சென்ட், அதாவது 18 சதவீதத்துக்கு மேல். அதே கணக்கை 50 டாலர் பொருளுக்குப் போட்டால் 5 டாலர் 20 சென்ட், 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். கட்டண அட்டவணை ஒன்றுதான். மலிவான பொருளை விற்கிறவர் ஏறக்குறைய இரண்டு மடங்கு பங்கைக் கொடுக்கிறார். பர்ஸை மூன்றாகச் சேர்த்து ஒரு செட்டாக விற்றால் நிலையான கட்டணமும் பேக்கிங்கும் கூரியரும் மூன்று மேல் பங்கிடப்படும். சின்னப் பொருளுக்கு நான் முதலில் சொல்லும் வழி எப்போதும் இதுதான்.

எடை ஸ்லாபும், அதாவது கூரியர் கட்டணத்துக்கான எடை வரம்பும், அதே மாதிரி. என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் நோட்டு ஒன்றின் எடை 430 கிராம். அட்டைப்பெட்டி, உள்ளே சுற்றும் தாள், டேப் எல்லாம் சேர்ந்து 510. அந்தத் தளத்தில் முதல் ஸ்லாப் 500 கிராம் வரை. பத்து கிராமுக்காக ஒவ்வொரு ஆர்டரிலும் அடுத்த ஸ்லாபின் பணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சமையலறைத் தராசை மேஜையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தேன். பெட்டி மட்டும் 55 கிராம். அதை விட்டுவிட்டு இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் நோட்டை வைத்து உறையில் போட்டபோது மொத்தம் 478. அன்று ஒரு மாலை நேரத்தில் மிச்சப்படுத்தியது, பிறகு வந்த இரண்டு கட்டண உயர்வுகளையும் தாங்கியது.

அதே தளத்தில் அடுத்த வருடம் வேறு ஒன்று நடந்தது. 478 கிராம் பொருளுக்கு ஒரு கிலோ ஸ்லாபில் பணம் பிடித்திருந்தார்கள். கிடங்கில் யாரோ அளவைத் தவறாக ஏற்றியிருந்திருக்கிறார்கள். இரண்டரை மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. காரணம், ஒவ்வொரு ஆர்டரிலும் என்ன பிடித்தார்கள் என்று தளம் தரும் செட்டில்மென்ட் அறிக்கையைத் திறக்காமல், வங்கியில் விழும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். புகார் கொடுக்கும் கெடு முடிந்துபோன ஆர்டர்களுக்குப் பணம் வரவில்லை. மீதிக்கு, தராசின் மேல் பார்சல் இருக்கும் புகைப்படத்தை அனுப்பித் திரும்ப வாங்கினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் பத்து ஆர்டரையாவது வரிவரியாகச் சரிபார்க்கிறேன். நீங்களும் செய்யுங்கள். கமிஷன் உயர்வைவிட இப்படிச் சத்தமில்லாமல் போகிற பணம் சில கடைகளில் அதிகம்.

பை மாதிரிப் பொருளுக்கு எடையோடு இடமும் கணக்கு. பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருவதை எடையாக எடுத்துக்கொள்கின்றன. 30, 20, 15 அளவுப் பெட்டி என்றால் 1.8 கிலோ, உள்ளே இருப்பது அரைக் கிலோவாக இருந்தாலும் அப்படித்தான். பையை மடித்து உயரத்தை 10 ஆக்கினால் 1.2 கிலோ. துணிப்பை மடங்கும் பொருள், இது உங்களுக்குக் கிடைத்த வசதி. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கமிஷன் எந்தத் தொகையின் மேல் என்பதையும் பாருங்கள். பொருள் விலையின் மேல் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஈபே 2011லிருந்தே தபால் செலவையும் சேர்த்துத்தான் எடுக்கிறது. வாங்குபவர் கட்டும் விற்பனை வரியையும் சேர்த்து மொத்தத்தின் மேல் கட்டணம் எடுக்கும் வழக்கமும் உண்டு. அதாவது உங்கள் கைக்கே வராத பணத்துக்கும் நீங்கள் கமிஷன் கொடுக்கிறீர்கள். அப்புறம், தளம் வாங்கும் கட்டணத்தின் மேல் பல நாடுகளில் வரி உண்டு. வரிப் பதிவு உள்ள பெரிய கடை அதைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும். பதிவு இல்லாத சிறு கடைக்கு அது முழுச் செலவு.

விளம்பரம் கட்டணப் பட்டியலில் இருக்காது. ஆனால் தேடலில் முதல் வரிசைகள் விளம்பரத்துக்குப் போன பிறகு, விளம்பரம் செய்யாதவர் பொருள் கண்ணிலேயே படாத இடங்கள் உண்டு. அப்போது அது கட்டணம்தான், வேறு பெயரில். எட்ஸி 2020ல் கொண்டுவந்த வெளித்தள விளம்பரத் திட்டத்தில் (கடைகளின் பொருளை எட்ஸியே மற்ற தளங்களில் விளம்பரம் செய்யும்), அந்த விளம்பரம் வழியாக வந்த விற்பனைக்கு 15 சதவீதம் தனியாகப் போகும். சிறிய கடைகள் வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம். ஆனால் 12 மாதத்தில் 10,000 டாலர் விற்பனையைத் தாண்டிவிட்டால் கட்டணம் 12 சதவீதமாகக் குறையும், விலகும் உரிமை போய்விடும். பிறகு விற்பனை விழுந்தாலும் அந்தக் கடைக்கு விலகல் கிடையாது. வளர்ந்துவரும் ஒரு கடை அந்தக் கோட்டைத் தாண்டும் மாதத்தில் தன் கணக்கு எப்படி மாறும் என்று முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். அமேசான் மேல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் பல மாநிலங்களும் 2023 செப்டம்பரில் போட்ட வழக்கில், கமிஷன், விளம்பரம், கிடங்குச் சேவை எல்லாம் கூட்டினால் விற்பனையாளர்களின் வருமானத்தில் பாதிக்கு அருகில் போகிறது என்பது ஒரு குற்றச்சாட்டு. அமேசான் இந்த வழக்கை எதிர்த்து நிற்கிறது. எதில் முடிந்தாலும் சரி, கூட்டிப் பார்க்க வேண்டும் என்ற அந்த முறை நமக்கு உதவும்: எல்லாக் கட்டணங்களையும் கூட்டி, மொத்த விற்பனையால் வகுத்து, வருகிற ஒற்றை எண்ணைத்தான் உங்கள் உண்மையான கமிஷன் என்று எழுதி வையுங்கள். 15 என்று நினைத்திருப்பவருக்கு 27, 30 என்று வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தளத்தின் கிடங்கில் சரக்கு வைக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். உங்களுக்கு இப்போது இது பொருந்தாது என்பதால் சுருக்கமாக. 2024ல் அமேசான் அமெரிக்காவில் இரண்டு புதிய கட்டணங்களைச் சேர்த்தது. சரக்கைப் பல கிடங்குகளுக்குப் பிரித்து அனுப்பாமல் ஒரே இடத்துக்கு அனுப்பினால் மார்ச்சிலிருந்து ஒன்று. விற்கும் வேகத்தோடு பார்த்தால் 28 நாளுக்குக் குறைவான சரக்கு இருந்தால் ஏப்ரலிலிருந்து இன்னொன்று. மிக மெதுவாக விற்கும் பொருட்களுக்கும் புதியவர்களுக்கும் சில விலக்குகள் உண்டு. ஆனால் சரக்கு ஆறு மாதத்துக்கு மேல் தேங்கினாலும் தனிக் கட்டணம். குறைந்தாலும் காசு, கூடினாலும் காசு. முதலீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரட்டிச் சரக்கு எடுக்கும் ஒருவர் இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்பது கடினம்.

கட்டணம் இறங்கும் செய்தியும் அவ்வப்போது வரும். 2024 ஜனவரியில் அமேசான் அமெரிக்காவில் 15 டாலருக்குக் கீழான துணிகளுக்கான கமிஷனை 17 சதவீதத்திலிருந்து 5 ஆக இறக்கியது. விற்பனையாளர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் இறங்கும் கட்டணம் பெரும்பாலும் விலைப் போட்டியில் கரைந்துவிடும். பக்கத்துக் கடைக்காரர் விலையை இறக்குவார், நீங்களும் இறக்குவீர்கள். முதல் சில வாரங்களில் கையில் நிற்பதுதான் உங்களுக்கு. யார் தலையில் போடுவது என்பதும் மாறிக்கொண்டே இருக்கும். பிரிட்டனில் ஈபே 2024 அக்டோபரில் தனிநபர் விற்பனையாளர்களுக்கு விற்பனைக் கட்டணத்தை எடுத்துவிட்டது. 2025 பிப்ரவரியில் வாங்குபவரிடம் பாதுகாப்புக் கட்டணம் என்று வாங்கத் தொடங்கியது. வாங்குபவர் பார்ப்பது மொத்தத் தொகையை. மொத்தம் கூடினால் அவர் உங்கள் விலையைத்தான் குறைக்கச் சொல்வார்.

தளங்கள் ஏன் இப்படி ஏற்றுகின்றன என்று கேட்டால், பேராசை என்று ஒரு வார்த்தையில் முடிக்க எனக்கு மனமில்லை. சந்தைத் தளத்துக்கு இரண்டு பக்கம் ஆள் வேண்டும். ஆரம்பத்தில் விற்பவர் இல்லாவிட்டால் வாங்குபவர் வரமாட்டார். அதனால் கமிஷனைக் குறைத்து, சில சமயம் இல்லாமலே, விற்பவரைக் கூட்டுவார்கள். வாங்குபவர் கூட்டம் சேர்ந்த பிறகு விற்பவரால் எளிதில் விலக முடியாது. அப்போது கட்டணம் ஏறும். வாங்கும் பணத்தில் விளம்பரம் செய்கிறார்கள், மோசடிகளைத் தடுக்கிறார்கள், ரிட்டர்ன் நடத்துகிறார்கள் என்பதும் உண்மை. அந்த வேலைகளுக்கு மதிப்பு இருக்கிறது. என் வருத்தம் வேறு: மாற்றத்தின் சுமை எப்போதும் மார்ஜின் மெலிந்தவர் மேல் அதிகமாக விழுகிறது, அவரிடம் யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி, தளம் தன் நிபந்தனைகளை மாற்ற வேண்டுமென்றால் விற்பனையாளருக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். 15 நாளில் துணி வாங்கும் ஒப்பந்தத்தை மாற்ற முடியாதுதான்; விலையையாவது மாற்றலாம். இந்தக் குறைந்தபட்சம் எல்லா இடத்திலும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தளத்தை விட்டுப் போவதைப் பற்றி. சொந்தக் கடை வைத்தால் கமிஷன் இல்லை என்று சொல்கிறவர்கள் பாதிக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். பணம் வாங்கும் சேவைக்கே 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் என்பது அமெரிக்காவில் வழக்கமான விகிதம். அதோடு தளச் சந்தா, எல்லாவற்றுக்கும் மேல் வாங்குபவரைக் கூட்டி வரும் செலவு. புதிய வாடிக்கையாளர் ஒருவரைக் கொண்டுவர விளம்பரத்தில் 200 போனால், அது உங்கள் 170 கமிஷனைவிட அதிகம். ஆனால் அதே ஆள் இரண்டாவது முறை நேராக உங்களிடம் வந்தால் அந்த 200 கிடையாது. ஆகவே சொந்தக் கடைக்கு ஏற்றது திரும்பத் திரும்ப வாங்கும் ஆட்கள் இருக்கும் பொருள். ஒரு எச்சரிக்கை: பல தளங்கள், பார்சலில் சீட்டு வைத்து வாங்குபவரை வெளியே அழைப்பதைத் தடைசெய்கின்றன. அதைச் செய்து கணக்கு முடங்கியவர்கள் உண்டு, விதியைப் படிக்காமல் செய்யாதீர்கள். வெளியே குறைந்த விலைக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் போட்டி ஆணையங்கள் விசாரித்த பிறகு 2013ல் அமேசான் ஐரோப்பாவில் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. எல்லாத் தளமும் எல்லா நாட்டிலும் கைவிடவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கடந்த மூன்று மாத செட்டில்மென்ட் அறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். பெரிய பைக்கு ஒரு தாள், பர்ஸுக்கு ஒரு தாள். ஒவ்வொன்றிலும் விலை, செலவு, கூலி, கமிஷன், நிலையான கட்டணம், கூரியர், பேக்கிங், விளம்பரம், ரிட்டர்ன் நஷ்டம் என்று உங்கள் எண்களை எழுதுங்கள். நான் மேலே போட்டவை வெறும் உதாரணம். கடைசியில் கையில் நிற்பதை 15 சதவீதத்தில் ஒரு முறை, 17இல் ஒரு முறை போடுங்கள்.

பெரிய பையில் இன்னும் ஏதாவது நிற்கிறது என்றால் விலையை ஏற்றி மூன்று வாரம் பாருங்கள். தள்ளுபடி நாட்கள் வரும் வாரங்களை இதில் சேர்க்காதீர்கள், எண் குழம்பிவிடும். நான் சொன்ன மாதிரி எத்தனை ஆர்டர் வரை விழலாம் என்ற எண்ணை முன்பே எழுதி வைத்துக்கொண்டால், முதல் வாரம் இரண்டு ஆர்டர் குறைந்ததும் பயந்து விலையை இறக்க மாட்டீர்கள். திரும்பி வந்த பைகளுக்கு வாங்கியவர்கள் எழுதிய காரணத்தையும் படியுங்கள். "படத்தில் பெரிதாகத் தெரிந்தது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தாலே போதும், பைக்குப் பக்கத்தில் ஒரு புத்தகத்தை வைத்து மறுபடி படம் எடுங்கள். நூற்றுக்குப் பத்து ரிட்டர்ன் ஏழாகக் குறைந்தால், மேலே போட்ட கணக்கில் மூன்று பையின் லாபம் 240உம் ரிட்டர்ன் நஷ்டம் 792உம் சேர்ந்து 1,032 திரும்ப வருகிறது. கமிஷன் உயர்வில் போன 1,840இல் பாதிக்கு மேல், விலையைத் தொடாமலே.

பர்ஸின் தாளில் 17 சதவீதத்தில் கழித்தல் குறி வந்தால் தனியாக விற்பதை இந்த மாதக் கடைசிக்குள் நிறுத்திவிட்டு மூன்று சேர்ந்த செட்டாக மட்டும் போடுங்கள். செட்டும் நிற்கவில்லை என்றால் அந்தத் துணியைப் பெரிய பையின் உள்பாக்கெட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். தாள் இரண்டும் தயாரானதும் எண்களோடு எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.